காயாத பலகை

“யார்றா இந்தப் பலகையை இங்க வச்சது?”

பெரியப்பா போட்ட சத்தத்தில், மணல்மேட்டில் உட்கார்ந்திருந்த பறவைகள் மொத்தமும் எழுந்து பறந்தன.

கடற்கரைக்கு இறங்கும் பாதைக்குக் குறுக்கே மூன்றடிப் பலகை நின்றது. மஞ்சள் பெயிண்ட்டில் கறுப்பு எழுத்து: ‘கடல் அரிப்பு. பாதை மூடப்பட்டுள்ளது.’

மரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். கூடவே நானும்.

“அரசாங்கப் பலகைண்ணே.”

“எந்த அரசாங்கம்டா? இங்க பாரு!” பெரியப்பா உள்ளங்கையை விரித்தார். மஞ்சளும் கறுப்புமாக அப்பியிருந்தது. “பெயிண்ட்டே காயல!”

மாட்டிக்கொண்டோம். அப்பா சாலைத் துறையில் பலகை எழுதுபவர். பெரியப்பா அதே துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருஷத்தில் ஆபீஸ் குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். அதை வாரத்துக்கு இரண்டு தடவை எங்களிடம் சொல்லிக் காட்டுபவர். ‘ரூல்னா ரூல்தான்’ என்று அவர் குரலில் நான் ஒரு சத்தம் விட்டால், பெரியம்மாவே சமையலறையிலிருந்து “என்னங்க?” என்பார். அவ்வளவு பழகிய குரல்.

“வீடு பூட்டியிருந்துச்சு. பக்கத்து வீட்ல கேட்டு, நானும் கடல்ல காலை நனைக்கலாம்னு ஆசையா வந்தா... கடலையே பூட்டி வச்சிருக்கியா? ஊர்ல இருக்கறவன்லாம் வெயில்ல வேகணும், நீங்க மட்டும் தனியா குளிக்கணும். அப்படித்தானே? ஏய் வாலு, நீயும் இதுக்குக் கூட்டா?”

நான் வானத்தைப் பார்த்தேன்.

“நாலு மணி வரைக்கும்தாண்ணே. அப்புறம் நானே எடுத்துடறேன்.”

“நாலு நிமிஷம்னாலும் தப்பு தப்புதான். நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தா உன் வேலை போயிடும், தெரியுமா?”

“எழுதிக் கொடுங்க. ஆனா நாலு மணிக்கு அப்புறம் கொடுங்க.”

அண்ணன் எதிரில் உட்காரவே யோசிக்கிற அப்பா! எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

பெரியப்பா பலகையைப் பிடுங்கி, குப்புறப் போட்டுவிட்டு மணல்மேட்டில் ஏறினார். அப்பா ஓடிப்போய் மறித்தார்.

“கீழே மட்டும் போகாதீங்க. வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“யாருக்கு?”

அப்பா இரண்டு கைகளையும் விரித்து வழியை அடைத்தார்.

“நகருடா!”

தள்ளிக்கொண்டு போனவர் உச்சியில் சட்டென்று நின்றார். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

கீழே மணலில் அம்மா மட்டும். தண்ணீரில் அத்தை. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை.

வேலை பார்த்த பேக்கரியில் அடுப்பு வெடித்ததிலிருந்து ஆறு கோடையாக அத்தை முழுக்கைச் சட்டையும் கழுத்து வரை பொத்தானுமாகத்தான் இருக்கிறாள். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். கூடப்பிறந்த அண்ணன்கள் எதிரிலும் அப்படித்தான். “ஒரே ஒரு நாள், யாருமே பார்க்காத கடல்ல குளிக்கணும்” என்று அவள் அம்மாவிடம்தான் கேட்டாள். வாக்குக் கொடுத்தது அப்பா. அவரே இந்த மேட்டைத் தாண்டவில்லை.

இப்போது கையில்லாத சட்டை. தழும்பேறிய இரண்டு கைகளையும் மேலே தூக்கி, ஒவ்வொரு அலைக்கும் குதித்துக்கொண்டிருந்தாள். “இவ்வளவுதானா? இன்னும் பெருசா வா!” என்று கடலோடு சண்டை வேறு.

பெரியப்பா கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். என் தலையையும் பிடித்துத் திருப்பினார். மேட்டிலிருந்து இறங்கினார்.

அதே நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. உள்ளே ஏழெட்டுப் பேர், மடியில் காற்றடித்த ரப்பர் வளையம்.

“சார், பீச்சுக்கு இப்படித்தானே போகணும்?”

பலகை குப்புறக் கிடந்தது. அப்பா அதை எடுக்கக் குனிந்தார்.

“பாதை கிடையாது! கடல் அரிச்சிடுச்சு. வண்டியைத் திருப்புங்க!”

அப்பா என்னை முறைத்தார். நான் வாயே திறக்கவில்லை. பேசியது அசல் பெரியப்பா.

“நீங்க யாரு சார்?” என்றார் கார்க்காரர்.

“சாலைத் துறை மேற்பார்வையாளர்.”

ஓய்வு பெற்றதைச் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, கார் பேசாமல் பின்வாங்கிப் போனது.

பெரியப்பா பலகையைத் தூக்கி நிறுத்தினார். ஈர எழுத்தில் ஒட்டியிருந்த மணலை ஊதினார். பிறகு அப்பா பக்கம் திரும்பிச் சீறினார்.

“அறிவிருக்காடா உனக்கு? நம்ம டிபார்ட்மெண்ட் பலகைன்னா கீழே நம்பர் போட வேணாமா? எடு அந்த பிரஷ்ஷை!”