அவருக்கே தெரியும்

"ஒரு ஆளும் ஏறல சார்."

சின்னதுரை காலி வேனை வரப்போரம் நிறுத்திவிட்டு இறங்கினான்.

கிருஷ்ணமூர்த்தி வயலைத் திரும்பிப் பார்த்தார். நேற்றுப் பிடுங்கிப் போட்ட சின்ன வெங்காயம் வயல் முழுக்கக் கிடக்கிறது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு மழை நனைந்தால் அத்தனையும் அழுகிப்போகும்.

"ஏனாம்?"

"ஆளுங்களக் கூட்டியார்ற பாப்பாத்தியக் கேட்டேன். 'இன்னிக்கு எப்படி வருவோம்? அவருக்கே தெரியும்'னுடுச்சு. நான் வெளியூர்க்காரன், எனக்கு என்ன சார் தெரியும்?"

"எனக்கு மட்டும் என்னடா தெரியும்?"

முப்பது வருஷம் அரியலூர் சிமெண்ட் ஆலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே எதுவானாலும் பேப்பரில் வரும். ஸ்ட்ரைக் என்றால்கூட முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். இங்கே வாயே திறக்காமல் கழுத்தறுக்கிறார்கள்.

என்ன குறை வைத்தோம்? டீ, வடை, வேன்... நேற்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர்களை, "இதென்ன உங்க வூடா?" என்று கேட்டோமே, அதுவா?

செல்போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

அண்ணன் மகன் ராஜவேல். விடிந்ததிலிருந்து ஐந்தாவது தடவை. வரப்புத் தகராறு கோர்ட்டுக்குப் போன பிறகு அந்த வீட்டோடு பேச்சு கிடையாது. துண்டித்தார்.

"வரப்பை வெட்டுனவனுங்களுக்கு போன் ஒரு கேடு!"

முதல் தூறல் கையில் விழுந்தது. ரோஷத்தை ஒதுக்கிவிட்டுப் பாப்பாத்தியை அழைத்தார்.

"ஏம்மா, நேத்து நான் பேசுனது தப்புதான். மனசுல வச்சுக்காதீங்க. வேன் அனுப்புறேன், எல்லாரும் வாங்க."

"அய்யய்ய, அதுக்கெல்லாமா கோவிச்சுக்குவோம்? நீங்க திட்டாத நாளு ஏதுங்க?" என்றாள் பாப்பாத்தி. சட்டென்று குரல் மாறியது. "அய்யா, வயல்லயா நிக்கிறீங்க?"

"வேற எங்க நிப்பாங்க?"

அவளுக்குப் பின்னாலிருந்து ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

"உங்க அண்ணன் விடியக்காலம் தவறிட்டாருங்க. ராஜவேல் தம்பி உங்களுக்குத்தான் அடிச்சுக்கிட்டே இருக்கு. உங்க வூட்டுச் சாவாச்சேன்னுதான் நாங்க யாரும் வேலைக்கு வரல..."

பாப்பாத்தி தயங்கினாள்.

"நீங்க எப்படிங்கய்யா வந்தீங்க?"