பத்தடி தூரம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. மற்ற நாட்களில் நான் அளந்ததையெல்லாம் தள்ளிவிடுங்கள். இது நடந்தது. நானும் அந்தப் படகில் இருந்தேன்.

சின்னப் படகு. பன்னிரண்டு பயணிகள். ஐந்து நாள், ஐந்து தீவு. மனிதவாடை இல்லாத தீவுகள். முதல் நாள் போன தீவில் பறவைக் கூட்டம் எப்படி என்றால், ஒன்று உட்கார வேண்டுமானால் இன்னொன்று எழுந்து இடம் கொடுக்க வேண்டும்.

இறங்கும் முன்பே படகுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பாதை ஓரமா வெள்ளைக் கல்லு வச்சிருக்கு. அதைத் தாண்டாதீங்க. தாய்ப்பறவை பயந்து எழுந்தா, மேல சுத்துற கடல்காகம் முட்டையைத் தூக்கிடும். வருஷத்துக்கு ஒரே முட்டைதான். இன்னொண்ணு, மூணு மணிக்குப் படகு கிளம்பிடும். அப்புறம் தண்ணி வடிஞ்சு பாறை தலைகாட்டிடும். ரெண்டுல எதை மீறினாலும் நாளையிலேர்ந்து படகுல இடமில்ல. யாரா இருந்தாலும்."

மூன்று மணிக்குப் பதினொரு பேர் ஏறியாயிற்று. ஒருவனைக் காணோம். தன்னைவிடப் பெரிய பையை முதுகில் சுமந்து, தனியாக ஊர் சுற்ற வந்த இளைஞன். காலையிலேயே அவனுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்துவிட்டார், சிவப்புத் தொப்பி போட்டு வந்த இன்னொரு பயணி, தொப்பிக்காரர்.

தொப்பிக்காரர் தலையில் இப்போது அந்தச் சிவப்புத் தொப்பி இல்லை. காற்று கொண்டுபோய்விட்டதாம். வழுக்கையைக் கைக்குட்டையால் மூடியிருந்தார்.

மூன்று பத்து.

"ஹாரன் அடிங்களேன்," என்றார் தொப்பிக்காரர்.

"அடிச்சா மொத்தப் பறவையும் எழுந்துடும் சார்."

"எங்கயாவது விழுந்து கிழுந்து கிடக்கானோ என்னவோ," என்றாள் ஓர் அம்மாள்.

"விழறதாவது! காலை நீட்டித் தூங்கிட்டிருப்பான். அவனால நாம பாறையில மோதிச் சாகணுமா? விட்டுட்டுக் கிளம்புங்க."

"பன்னிரண்டு பேரை ஏத்திட்டு வந்தேன். பன்னிரண்டு பேரோடதான் போவேன்."

மூன்று இருபது. படகின் அடி எதிலோ கரகரவென்று உரசியது. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் மூட்டை ஓடி வந்தான். தலை, தோள் எல்லாம் பறவை எச்சம். கை இரண்டும் கழன்றுவிட்ட மாதிரி தொங்கின.

"எங்க தம்பி போனே?"

அவன் ஒரு கணம் படகிலிருந்தவர்களைப் பார்த்தான்.

"தூங்கிட்டேன்ணா."

"நான் சொல்லல?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார் தொப்பிக்காரர்.

திரும்பும்போது படகு இன்னும் இரண்டு முறை உரசியது. கரைக்கு வந்ததும் படகுக்காரர் பட்டியலை எடுத்தார்.

"அண்ணா, எட்டு மாசம் ஓட்டல்ல தட்டு கழுவி இதுக்கு வந்தேன். இன்னும் நாலு தீவு இருக்கு."

"தூங்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்." பேனாவால் ஒரே கோடு. பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கயிறு கட்டப் போய்விட்டார்.

"முதல் நாளே பாடம் கத்துக்கிட்டான்," என்றார் தொப்பிக்காரர்.

எல்லோரும் கலைந்த பிறகு மூட்டை அவரிடம் வந்தான். பையைத் திறந்து சிவப்புத் தொப்பியை எடுத்து நீட்டினான்.

"படம் எடுக்க நீங்க கல்லைத் தாண்டினப்போ விழுந்துடுச்சு, ஐயா. காத்து பாதைக்குத் தள்ளிட்டு வந்துச்சு."

தொப்பிக்காரர் தொப்பியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க போனதும் காகம் இறங்கிடுச்சு. தாய் திரும்பி வர்ற வரைக்கும் கல்லுக்கு இந்தப் பக்கமா நின்னு, மழைக்கோட்டை வீசி வீசி விரட்டிட்டிருந்தேன். முட்டைக்கு ஒண்ணும் ஆகல."

"அவர்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்போ உங்க பேரைத்தானே அடிப்பாரு? இருபது வருஷமா ஆசைப்பட்டு வந்திருக்கேன்னு காலையில சொன்னீங்களே. எனக்கு வயசு இருக்குங்கய்யா."

பையை முதுகில் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டான்.

படகுக்காரர் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார். போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொப்பிக்காரர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். படகுக்காரர் முடிச்சை இறுக்கினார், கையைத் துடைத்தார், வீட்டுக்குப் போய்விட்டார்.

மீதி நாலு தீவுக்கும் தொப்பிக்காரர் போனார். தொப்பி மட்டும் போடவில்லை.

கேட்டது கேட்டீர்கள், யார் சொன்னது என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். படகுக்காரர் இன்னமும் அதே துறையில்தான் இருக்கிறார்; தொப்பி இல்லாவிட்டாலும் என் வழுக்கை அவருக்கு அடையாளம் தெரியும்.