அம்மாவின் ஆங்கிலக் கட்டுரை

"அறுபதா? எங்கம்மாவுக்கு வெறும் அறுபது மார்க்கா?"

பேராசிரியரின் அறைக்குள் புயலாக நுழைந்தாள் மகள். பின்னாலேயே பஸ் டிரைவர் யூனிபாரத்தில் அம்மா, மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"வேணாம்டி. பாஸ்தான் ஆயிட்டேனே. வா, போகலாம்."

"நீ சும்மா இரும்மா!"

அம்மாவுக்கு டவுன் பஸ் ஓட்டும் வேலை. டிப்போவில் மேலாளர் ஆக வேண்டுமென்றால் டிகிரி வேண்டும். அதற்காக இந்த வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்து, எல்லாப் பாடத்திலும் தேறி, கடைசியில் இந்த ஆங்கிலக் கட்டுரையில் வந்து நின்றாள். வீட்டிலேயே எழுதி வரச் சொன்ன கட்டுரை. மகளோ அடுத்தவர் ஆங்கிலத்தைத் திருத்தியே சம்பளம் வாங்குகிறவள். கேட்க வேண்டுமா!

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "உட்காருங்க. என்ன பிரச்சினை?"

"அந்தக் கட்டுரையில ஒரே ஒரு தப்பு காட்டுங்க சார், பார்ப்போம்! ஒரு கமாகூட இடம் மாறியிருக்காது. வரிக்கு வரி நானே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன உளறினோம் என்று உறைத்தது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்படியா?" பேராசிரியரின் குரல் மாறியது. "அடுத்தவங்க கை பட்டா கட்டுரை செல்லாது. டிகிரியே கிடைக்காது. தெரியும்ல?"

மகள் கைகூப்பினாள். "சார்... தப்பு என்னோடது. அம்மாவை விட்டுடுங்க சார், ப்ளீஸ்..."

அவர் அலமாரியைத் திறந்தார். கட்டுரையை எடுத்து மேஜைமேல் போட்டார்.

முதல் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. இரண்டாம் பக்கம் இன்னும் மோசம், சுழிக்காத இடமே இல்லை. மகள் புரட்டினாள். முதன்முதலாக பஸ்ஸை மேட்டில் ஏற்றிய நாளில் கால் நடுங்கியதையும், பயந்துபோய்ப் பாதியில் இறங்கி நடந்த பயணிகளையும் தத்தக்கா பித்தக்கா என்று எழுதியிருந்தாள் அம்மா. அந்த நடுக்கத்தையெல்லாம் நன்றாக இல்லை என்று தான் திருத்திக் கொடுத்த பிரதியில் மகள் வெட்டித் தள்ளியிருந்தாள்.

"இது... நான் கொடுத்தது இல்லையே!"

"தெரியும்." பேராசிரியர் சிரித்துவிட்டார். "அந்தப் பயணிங்க பாதியில இறங்கி நடந்ததைப் படிச்சு வயிறு வலிக்கச் சிரிச்சேன். பஸ் மேடு ஏறினதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வகுப்புலயே இதுதான் முதல் மார்க். மத்தவங்க அத்தனை பேரும் தப்பே இல்லாம எழுதிட்டு வந்தாங்க. எல்லாரையும் மறுபடி எழுதச் சொல்லிட்டேன். அவங்க வீட்லயும் உங்களை மாதிரி ஒரு பொண்ணு இருக்கும்போல!"

மகளின் முகம் சிவந்தது. "ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"அவ்வளவு ஆசையா திருத்திக் கொடுத்தே. வேணாம்னா உன் மனசு நோகுமேன்னு பேசாம வாங்கி வெச்சுக்கிட்டேன்." அம்மா தன் கட்டுரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

"ஆனா டிகிரி வாங்கப் போறது நான்டி! ஸ்டியரிங்கை உன் கையில கொடுத்துட்டு, நான்தான் டிரைவர்னு எப்படிச் சொல்லிக்கிறது?"