தோமாவின் விரல்

"இந்த விரலைக் கொஞ்சம் தள்ளி வையுங்க," என்றார் புரூஃப் பார்க்கும் அம்மா, படத்தைத் தடவிக்கொண்டே.

ஓவியருக்குச் சுருக்கென்றது. "உயிர்த்தெழுந்து வந்த இயேசுவோட காயத்துல அவரோட சீடர் தோமா விரலை வைக்கிற படம்மா இது. இருபது வருஷமா இப்படித்தான் வரையறேன். மத்தியானம் அச்சுக்குப் போகணும்."

"தொட்டார்னு எங்க எழுதியிருக்கு?"

"ஊர் உலகத்துக்கே தெரியும். தொட்டுப் பார்த்தாத்தான் நம்புவேன்னு அடம் பிடிச்ச ஆளாச்சே!"

"அடம் பிடிச்சது உண்மைதான். ஆனா இயேசு 'வா, தொட்டுப் பாரு'ன்னு கூப்பிட்டதுமே மனுஷன் உருகிட்டாரு. தொட்டதா ஒரு வரி கிடையாது."

"படிச்சுக் காட்டுங்க, நம்புறேன்."

அந்த அம்மா தடித்த வேதப் புத்தகத்தை மடியில் விரித்து வாசித்தார். கண்கள் ஜன்னல் பக்கம் எங்கோ நிலைத்திருக்க, தாளில் மேடிட்டிருந்த புள்ளிகளின் மேல் அவர் விரல் ஊர்ந்தது. அத்தியாயமே முடிந்துவிட்டது. தோமா தொடவே இல்லை.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் புடைப்புக் கோடுகளில் தான் செய்திருந்த படத்தை ஓவியர் கையில் எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு தள்ளி வைக்கட்டும்மா?"

"பிள்ளைங்க விரல் நுழையற அளவுக்கு. அவரு தொடாததை அதுங்க தொட்டுக்கட்டும்."