நீல முட்டைகள்

“நேயர்களே, மூச்சு விடாம கேளுங்க. இன்னிக்கு ஒரு திருடியை உங்க காதுக்கு முன்னாலேயே பிடிக்கப் போறேன்!”

கோழிக்கூண்டின் வைக்கோலில் குந்தியபடி, கைப்பேசியை வாயோடு ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தார் டேரல் குசேரா. நெப்ராஸ்காவின் ஜனவரிக் குளிர் மூக்கைக் கடித்தது. வெள்ளைக்கோழி ஒன்று அவருடைய தொப்பியின் மீது ஏறி அமர்ந்தது. ஆயினும் அவர் உள்ளம் துள்ளிக்கொண்டிருந்தது.

‘சொந்தக் காலில்’ என்னும் அவருடைய வானொலி நிகழ்ச்சியைக் கேட்காமல் அந்த மாவட்டத்தில் எவரும் காலைக் காப்பியை முடிப்பதில்லை. வரியைக் குறை, மானியத்தை நிறுத்து, பசித்தவனை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள், அரசாங்கம் எதற்கு? இதுவே அவர் நாள்தோறும் ஓதும் வேதம்.

அதை மறுத்து நாள்தோறும் தொலைபேசியில் சண்டைக்கு வருபவர் மார்லிஸ் புரூகர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஓட்டுநர் சங்கத்தை ஆட்டிவைத்தவர், எதிர்க்கட்சிக்காரி. போதாக்குறைக்கு, டேரலின் வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டுக்காரி.

முட்டை விலை எகிறிய நாளில் மூண்டது பந்தயம்.

“சர்ச்சுல ஏழைங்களுக்குப் போடுற காலைச் சாப்பாட்டுல முட்டையே இல்லை, டேரல். அரசாங்கம் பணம் கொடுக்கணும்.”

“எதுக்கு அரசாங்கம்? ஈஸ்டர் வரைக்கும் தினம் ஒரு டஜன் முட்டை என் கோழிங்க கொடுக்கும்!”

“ஒரு நாள் தவறினா?”

“‘மார்லிஸ் சொன்னதுதான் சரி’ன்னு இதே ரேடியோவுல சொல்றேன், போங்க!”

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மேல் என்பது டேரலின் திடமான கருத்து.

நல்லவேளையாகக் கோழிகள் மானத்தைக் காத்தன. “பக்கத்து வீட்டுல கூண்டுக்குள்ள விளக்கு போட்டு, குளிர்காலத்துலயும் முட்டையிட வைக்கிறாங்க. அதுக்குப் பேரு மானியம்! என் கோழிக்கு அந்தப் பிச்சை வேண்டாம்” என்று வானொலியில் முழங்கினார்.

ஒரே ஓர் உறுத்தல். நவம்பர் முதல் முட்டைகள் இளநீலமாக வரத் தொடங்கின. நீலமோ மார்லிஸின் கட்சி நிறம். அதுவரை கார் விற்றுக்கொண்டிருந்து, சென்ற வசந்தத்தில்தான் கோழி வளர்க்கப் புகுந்த டேரல், ஆழ்ந்து சிந்தித்து ஒரு விளக்கம் கண்டார்: “குளிர்ல நம்ம உதடு நீலம் பாய்றதில்லையா? அதே மாதிரிதான்.”

அன்று தொலைபேசியில் வந்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டேரல் அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டார்.

நேற்றுத்தான் பனியில் அந்தக் காலடித் தடத்தைக் கண்டார். மார்லிஸின் வேலியிலிருந்து நேரே இந்தக் கூண்டுக்கு!

“பந்தயத்துல ஜெயிக்க முட்டையைத் திருடுறாங்க, நேயர்களே! திருட்டுப் போனது போக ஒரு டஜன் மிஞ்சுதுன்னா, என் கோழிங்க எவ்வளவு போடுதுன்னு நீங்களே பார்த்துக்குங்க!”

கதவு கிறீச்சிட்டது. கையில் கூடையுடன் மார்லிஸ் உள்ளே நுழைந்து கோழிகள் முட்டையிடும் பெட்டியின் பக்கம் குனிந்தார்.

“பிடிச்சிட்டேன்!” டேரல் பாய்ந்தார். கோழிகள் எட்டுத்திக்கும் பறந்தன. “கூடை நிறைய முட்டை, நேயர்களே! அடுத்தவன் உழைப்பை அள்ளிப் பங்கு போடுறதுதான் இவங்க கொள்கைன்னு சொன்னேனா, இல்லையா?”

“ஐயோ, ரேடியோவுல போகுதா இது?”

“மாவட்டம் பூரா!”

மார்லிஸ் கூடையைக் கீழே வைத்தார்.

“சரி, நான் திருடிதான். போதுமா? நிகழ்ச்சியை முடி.”

டேரலுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மார்லிஸாவது, சண்டையின்றி ஒப்புக்கொள்வதாவது!

அதற்குள் வானொலி நிலையத்துப் பெண் ஓர் அழைப்பை இணைத்தாள். மாட்டுப்பண்ணை ஓர்வில் கிழவர்.

“யோவ் டேரல், உன் கோழி என்ன நிறம்?”

“வெள்ளை.”

“அந்தக் கூடையில முட்டை என்ன நிறம்?”

“நீலம். அதுதான் குளிர்ல…”

“மண்ணாங்கட்டி! அந்த வெள்ளைக்கோழி ஆயுசுக்கும் வெள்ளை முட்டைதான்யா போடும். விளக்கு இல்லாத கூண்டுல நவம்பரோட அதுவும் நின்னுபோச்சு. நீல முட்டை போடுற ஜாதி இந்த ஊர்ல ஒருத்தர் வீட்டுலதான் இருக்கு. ஊருக்கே தெரியும். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அந்தம்மா எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. திருடின்னதும் எனக்குப் பொறுக்கலை!”

டேரல் முட்டைப்பெட்டிக்குள் கையை விட்டார். மார்லிஸ் சற்றுமுன் வைத்த முட்டை ஒன்று தட்டுப்பட்டது. எந்தக் கோழியின் சூடும் படாமல், பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

மாவட்டம் முழுவதும் கேட்கும்படி கோழி ஒன்று மட்டும் கொக்கரித்தது.

“ஏன் மார்லிஸ்?” என்றார் டேரல். “வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தாலே ஜெயிச்சிருப்பீங்களே!”

“நான் ஜெயிச்சா அந்த ஏழைங்க தட்டுல முட்டை வந்துடுமா?”

பந்தயம் பந்தயம்தான். டேரல் தொண்டையைச் செருமிக்கொண்டு கைப்பேசியை வாயருகே கொண்டுபோனார். “நேயர்களே… மார்லிஸ் சொன்னதுதான்…”

மார்லிஸ் வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“வாயை மூடுய்யா! நீ சொன்னதுதான் சரி. அக்கம்பக்கத்தார் பார்த்துக்குவாங்கன்னு தினம் கத்துறியே, பின்னே நான் யாரு?”