ஆறு கானாங்கோழி முட்டைகள்

முட்டைத் தட்டு பாதியில் நின்றுவிட்டது.

தெர்மாகோல் பெட்டியின் கண்ணாடி வழியே ஆதிலட்சுமி பார்த்தாள். ஆறு கானாங்கோழி முட்டைகள் பல்பு வெளிச்சத்தில் அசையாமல் கிடந்தன. மணிக்கொரு தரம் தட்டைச் சாய்க்க வேண்டிய மோட்டார், உறுமிவிட்டு ஓய்ந்தது.

செல்லப்பன் வாசலிலேயே நின்றான். அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். பத்து நாளைக்கு முன் அறுத்த வயலிலிருந்து தலைத்துண்டில் சுற்றி இந்த முட்டைகளைக் கொண்டுவந்தவன் அவன்தான். குஞ்சு பொரிக்கும் பெட்டியை ஆசைக்குத் தானே செய்து வைத்திருப்பவள் செலியமேட்டில் இவள் ஒருத்தி. அன்றிலிருந்து தினமும் இங்கே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போகிறான்.

கையால் திருப்பிவிடட்டுமா என்று கேட்டபடி உள்ளே வந்து மூடியைத் தொட்டான்.

"தொறக்காதீங்கண்ணே, சூடு போயிடும்" என்றாள் திரும்பாமல்.

மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் சின்னப் பலகையைத் தொட்டவள், சுரீரென்று விரலை இழுத்துக்கொண்டாள். கரண்டு அதிகமாகப் போகிறது, சூடு தாங்காமல் பலகை தானே நின்றுவிடுகிறது என்றாள்.

பலகையில் மிளகளவு திருகு ஒன்று. மீட்டரை வைத்துப் பார்த்தபடி அதைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள். பலகை ஆறியது. ஆனால் தட்டின் கனத்துக்கு மோட்டார் விக்கியது.

மயிரிழை வலப்பக்கம். விக்கல் நிற்கவில்லை.

இன்னும் மயிரிழை.

பிறகு பலகையோடு இணைத்திருந்த லேப்டாப்பை இழுத்து, மோட்டாரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள்.

ஒரு ஏக்கரை ஒரு மணி நேரத்தில் அறுத்துத் தள்ளுகிறவன் செல்லப்பன். இவ்வளவு சின்ன அசைவுக்காக ஒருத்தர் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

தட்டு நகர்ந்தது. சத்தமே இல்லை. தூக்கத்தில் பிள்ளைகள் புரண்டு படுப்பதுபோல ஆறு முட்டைகளும் மெல்லச் சாய்ந்தன.

இனி நிற்காது, நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள் என்றாள்.

அவன் போகவில்லை. அடுத்த முறை தட்டு சாய்வதையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கீழே உட்கார்ந்துகொண்டான்.

தாய்க்கோழி பறந்து போய்விட்டது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான்.

மிஷினின் கத்தி கிட்டே வந்தபோதும் அது முட்டைகளை விட்டு எழவில்லை.