ஒன்றரை மடங்கு

"இது என்ன அளவு?"

பின்னாலிருந்து குரல் வந்ததும் மருமகளின் கை அப்படியே நின்றது. சமையலறை மேடைமேல் வலி மருந்து பாட்டில் திறந்திருந்தது. கையில் ஊசி இல்லாத சிரிஞ்சு. மருந்து ரெண்டே கால் கோட்டில் நின்றது.

"வாங்க அண்ணி. இப்பதான் வந்தீங்களா?"

"கதவு திறந்துதான் கிடந்துச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

வந்தவள் இந்த வீட்டு மூத்த மகள். வாரத்துக்கு ஒரு முறை, கடைக்கு விடுமுறை விடுகிற நாளில், இரண்டு பஸ் மாறி அம்மாவைப் பார்க்க வருகிறவள். தோளில் மாட்டிய பையை இன்னும் இறக்கவில்லை. உள்ளறையில் அம்மா முனகுவது வாசல் வரைக்கும் கேட்டிருந்தது. பாதிக் கோபம் அங்கேயே தலைக்கு ஏறிவிட்டது.

"ரெண்டே கால் மில்லி, அண்ணி."

"டாக்டர் எவ்வளவு சொன்னாரு? எனக்கும்தான் போன்ல சொன்னாரு. வாயால சொல்லு பாப்போம்."

"குடுத்துட்டிருந்த ரெண்டரையை ஒன்றரை மடங்காக்கச் சொன்னாரு."

"ரெண்டரையை ஒன்றரை மடங்காக்கினா ரெண்டே காலா?"

மருமகள் சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "ரெண்டையும் ஒண்ணையும் பெருக்கினா ரெண்டு. அரையையும் அரையையும் பெருக்கினா கால். சேர்த்தா ரெண்டே கால்."

மகள் வைத்திருப்பது திரைச்சீலைக் கடை. ஜன்னல் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு துணி வெட்டினால்தான் சீலை மடிப்பு மடிப்பாக விழும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பெருக்கலைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பாள். அவளிடம் போய் இந்தக் கணக்கு!

"அடிப்பாவி! ரெண்டரை முழுசா ஒரு தடவை. அதுல பாதி, ஒண்ணே கால். மொத்தம் மூணே முக்கால். உன் கணக்குப்படி நான் வெட்டினா துணி ஜன்னலையே மூடாது. மடங்கு ஏத்தினா அளவு கூடத்தானே செய்யும்? உனக்கு மட்டும் எப்படிக் குறைஞ்சுது?"

"தப்புதான் அண்ணி."

"ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் நீ. உன் பிள்ளைங்க இப்படிப் போட்டா என்ன பண்ணுவே?"

"சுழிச்சுத்தான் விடுவேன்."

இப்படிப் பதில் சொல்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலாவது ஆத்திரம் தீரும்.

"இந்த வாரம் பூரா இப்படித்தான் குடுத்தியா?"

"இல்லண்ணி. இன்னைக்கு மட்டும்தான்."

"ஓஹோ. நான் வர்ற அன்னைக்கு மட்டும் கணக்கு மறந்துபோகுமா? மறதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உனக்கு மனசில்லை. பெத்த அம்மாவா இருந்தா இப்படிக் குறைப்பியா?"

மருமகளின் முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"தம்பி வேலையிலிருந்து வரட்டும். இன்னைக்கு நான் தனியாத் திரும்பப் போறதில்லை. அம்மாவை என்கூடவே கூட்டிட்டுப் போறேன்."

"அத்தையால பஸ்ல உட்கார முடியாது அண்ணி."

"கார் வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். உன் கையில விட்டா வலியிலேயே சாகடிச்சிருவே."

சிரிஞ்சைப் பிடுங்கி, பாட்டிலில் விட்டு மறுபடி இழுத்தாள். மூணே முக்கால். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம். அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"வலியில துடிக்கிறவங்ககிட்ட என்னடி கேக்கிறது? நீ உள்ள வராதே."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடி, போர்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஒரே வாரத்தில் இன்னும் பாதியாகியிருந்தாள். பார்த்ததும் மகளுக்கு அம்மா என்று கூப்பிடக்கூட வரவில்லை. போர்வையை மெல்ல விலக்கி, கடைவாயில் சிரிஞ்சை வைத்து அழுத்தினாள். அம்மா கண்ணைத் திறக்காமலே விழுங்கினாள்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். போன வாரம் அம்மா பேச்சுக்கு நடுவிலேயே தூங்கிப்போனாள். எழுப்ப மனமில்லாமல் இவளும் பஸ் ஏறிவிட்டாள். இன்றைக்காவது நாலு வார்த்தை பேச வேண்டும். இந்த உடம்பு இன்னும் எத்தனை வாரம் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்?

நேரம் போகப் போக முனகல் அடங்கியது. முகத்தில் இருந்த இறுக்கம் விட்டது.

மகள் திரும்பினாள். மருமகள் உள்ளே வராமல் கதவோரம் நின்றிருந்தாள்.

"பாத்தியா? கணக்கு சரியா இருந்தா வலி எப்படி நிக்குதுன்னு?"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செய்வதையும் செய்துவிட்டு அழுகை வேறு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் மகள்.

அம்மாவின் விரல்கள் மகளின் கையை இறுகப் பற்றின. கண் திறக்க முயன்றாள். இமை எழவில்லை. நாக்கு குழறியது.

"ஏன் கண்ணு, முழு அளவும் குடுத்துட்டியா? இன்னைக்கு என் மக வர்ற நாளாச்சே… போன வாரமே அவ முகத்தைச் சரியாப் பாக்காமத் தூங்கிட்டேன். அவ பஸ் ஏறுற வரைக்கும் நான் வலியைத் தாங்கிக்கிறேன், குறைச்சுக் குடு, அவகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு உன்னை அவ்வளவு கெஞ்சினேனே…"